நீர்ச்செடித் தொட்டிகளில் சத்துக் குறைவு: அறியும் முறையும் பரிகாரமும்

வயலிலுள்ள பயிர் வெளிறிக் காணப்பட்டால், எருப் போதவில்லை என்று ஊகித்து உடனே யூரியாவை வாங்கி வீசுவது பல இடங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. நிலம் விசாலமானது, மண் ஆழமுடையது, ஆதலால் அவ்வூகம் தவறினாலும் கெடுதி பெரும்பாலும் பண நஷ்டத்தோடு நின்றுவிடும். ஆனால் மீன்களோடு நீர்ச்செடிகளையும் வளர்க்கும் தொட்டியில் அதே ஊகத்தின் பேரில் அதே எருவை இடுவோர், சில நாட்களுக்குள் மீன்கள் செத்து மிதப்பதையும், நீர் முழுவதும் பச்சையாகக் கலங்கிப்போவதையும் காண நேரிடும். செடியின் வெளிறல் மட்டும் நீங்கியிராது. நோயின் காரணத்தை அறியுமுன் மருந்திடுவதால் வரும் தீங்கு தொட்டியில் வெளியாவதுபோல் அவ்வளவு விரைவாக வேறெங்கும் வெளியாவதில்லை.

அலங்கார மீன்களையும் அவற்றோடு விற்பனையாகும் நீர்ச்செடிகளையும் உற்பத்தி செய்தல், கிணற்று நீரும் சிறிது நிழலும் உள்ள குடும்பங்களுக்கு ஏற்ற ஓர் உபதொழிலாகும். சென்னையைச் சேர்ந்த கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். 2020-ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் வீட்டுப் புறக்கடையில் அலங்கார மீன் வளர்ப்பதற்கு இடமளிக்கப்பட்டது. இத்தொழிலில் இறங்கும் குடியானவர்களுக்கு மீனைப்பற்றிய யோசனைகள் எளிதிற் கிடைக்கின்றன; செடியைப்பற்றிய யோசனைகள் அவ்வளவு எளிதிற் கிடைப்பதில்லை. பயிரின் இலையைப் பார்த்துக் குறையை அறியும் பழக்கமோ அவர்களிடம் முன்னமே உள்ளது. அப்பழக்கத்தைத் தொட்டிக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளும் விதம் இங்கே விவரிக்கப்படுகிறது.

தொட்டியும் வயலும்

கண்ணாடித் தொட்டியில் செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழக்கூடும் என்பதை ராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில ரசாயன சாஸ்திரி 1850-ஆம் வருஷத்தில் பரீட்சை செய்து காட்டினார். அவர் தங்கமீன்களை வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியோடு வைத்து வளர்த்தார். செடி விடும் பிராணவாயு மீனுக்கு உதவிற்று. ஆனால் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கெடுக்கலாயின. அவற்றைத் தின்னும்பொருட்டு அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. செடி செழித்திருக்கும்வரை தொட்டி சுத்தமாயிருக்கும். செடி நலிந்தால் அதுவே தொட்டியின் அழுக்காகிவிடும் என்ற உண்மை அம்முதற் பரீட்சையிலேயே வெளியாயிற்று.

தொட்டிக்கும் வயலுக்கும் உள்ள பேதங்களில் நான்கு முக்கியமானவை. முதலாவது, வயலின் களியும் மக்கும் சத்துக்களைப் பற்றி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். தொட்டியின் அடியில் பரப்பப்படும் கழுவிய மணலுக்கு அக்குணம் இல்லை. இரண்டாவது, நீரில் மூழ்கிய செடி வேரினால் மட்டுமன்றி இலையினாலும் சத்துக்களை உறிஞ்சும். ஆகையால் நீரில் கரைந்துள்ளவையே அதன் உடனடி ஆகாரம். மூன்றாவது, வயற்பயிருக்குக் காற்றிலிருந்து தாராளமாகக் கிடைக்கும் கரியமிலவாயு, நீரில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு வேகத்திலேயே பரவுகிறது. வெறும் காற்றுபட்டு நிற்கும் நீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே இருக்கும். நான்காவது, தொட்டிநீர் ஆவியாகும்போது உப்புக்கள் பின்தங்கிவிடுகின்றன. குறைந்த நீருக்கு மேலும் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே வந்தால் உப்பு நாளுக்கு நாள் ஏறுமேயன்றிக் குறையாது. நீரை ஊற்றுவது வேறு, நீரை மாற்றுவது வேறு என்பது எப்போதும் நினைவிலிருக்க வேண்டும்.

மீன்களுக்கு இடும் தீனியும் அவற்றின் கழிவும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு கொடுக்கின்றன. சாம்பல்சத்தும் இரும்பும் அவ்வழியில் போதிய அளவு வருவதில்லை. ஆதலால் மீன் மிகுந்த தொட்டியில் காணும் குறையும், மீன் சிலவே உள்ள தொட்டியில் காணும் குறையும் பெரும்பாலும் ஒன்றாயிரா.

சாலின் ஓட்டை

பயிரின் வளர்ச்சியை நிர்ணயிப்பது மிகுதியாயுள்ள சத்து அன்று. எது எல்லாவற்றிலும் குறைந்துள்ளதோ அதுவே என்பது கார்ல் ஸ்பிரெங்கல் 1828-ஆம் வருஷத்தில் எடுத்துரைத்து, யுஸ்டுஸ் வான் லீபிக் பின்னர் உலகெங்கும் பரப்பிய விதியாகும். கவலை இறைக்கும் சாலில் பக்கங்களில் பல ஓட்டைகள் இருந்தால், எல்லாவற்றிலும் தாழ்ந்த ஓட்டையின் மட்டத்திற்கு மேல் நீர் நில்லாது. மேலேயுள்ள ஓட்டைகளை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் பயனில்லை. பொட்டாஷ் குறைந்த தொட்டியில் நைட்ரேட்டைக் கொட்டுவது அத்தகைய வேலையே. செடி எடுத்துக்கொள்ளாத நைட்ரேட்டு நீரில் தேங்கிக் கிடக்கும்.

இதில் வெளிச்சத்தின் ஸ்தானம் கவனிக்கத்தக்கது. வெளிச்சம் ஏறினால் செடியின் வேகம் ஏறுகிறது; வேகம் ஏறினால் கரியமிலவாயுவும் மற்றைச் சத்துக்களும் அதே விகிதத்தில் வேண்டியதாகின்றன. மங்கலான வெளிச்சத்தில் மாதக்கணக்கில் வெளிப்படாதிருந்த குறை, புதிய பிரகாசமான விளக்கைப் பொருத்திய சில வாரங்களில் வெளிப்பட்டுவிடும். ஆகவே எருவைத் தேடுமுன் விளக்கெரியும் நேரத்தை 6 முதல் 8 மணி வரையில் அடக்கிப் பார்ப்பது செலவற்ற முதற் பரிகாரமாகும். சிமெண்டுத் தொட்டிகளுக்கு நேர் வெயிலைத் தடுக்கும் நிழல்வலை அவ்வேலையைச் செய்யும்.

சத்துக் குறைவென்று மயங்கத்தக்கவை

இலை கெடுவதெல்லாம் சத்துக் குறைவால் அன்று. செடி வியாபாரத்தில் பல வகைகள் வேர் சேற்றிலும் இலை காற்றிலுமாக, நெல் நாற்றைப்போலவே வளர்க்கப்படுகின்றன. அவ்வாறு வளர்ந்த செடியை நீரில் மூழ்க வைத்தால், காற்றுக்கென்று உண்டான பழைய இலைகள் கரைந்து உதிர்ந்து, நீருக்கேற்ற புதிய இலைகள் தோன்றும். கிரிப்டோகோரைன் வகைகள் இடம் மாற்றிய மாத்திரத்தில் இலை முழுவதையும் இழந்து, கிழங்கிலிருந்து மறுபடி தழைப்பதுண்டு. இது நடவு செய்த பயிர் வேர் பிடிக்கும்வரை வாடுவதைப் போன்றது. இதற்கு எரு பரிகாரமாகாது, பொறுமையே பரிகாரம். விற்பனை செய்வோர் இதை வாங்குவோருக்கு முன்னமே தெரிவித்துவிட்டால் பிணக்கு நேராது.

நெருக்கமாக வளர்ந்த தண்டுச்செடிகளின் அடியிலைகள் வெளிச்சமின்றிப் பழுத்து உதிர்வதும் சத்துக் குறைவன்று. அங்கே கத்தரித்து ஒளி புகவிடுதலே வேலை. இலையில் துவாரங்கள் காணப்பட்டால் அவற்றின் ஓரம் சுத்தமாக, கடித்தது போல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் மீனோ நத்தையோ தின்றதென அறியலாம். மஞ்சளான வட்டத்தின் நடுவே துவாரம் விழுந்திருந்தால் மட்டுமே சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாக மயங்கவைப்பது கரியமிலவாயுக் குறைவு. அதனால் செடி முழுவதும் சோர்ந்து, புதிய இலைகள் சிறுத்து, இலைமேல் பாசி படரும். எந்த உப்பை இட்டாலும் குணம் தோன்றாது. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா முதலியவை நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரியைப் பெறும் திறமையுடையவை. ஆதலால் கடினமான கிணற்று நீரிலும் அவை செழிக்கின்றன. நீர்ப்பாசங்களுக்கு அத்திறமை இல்லை. ஒரே தொட்டியில் வாலிஸ்னேரியா நன்றாயிருக்க மற்றவை நலிந்திருந்தால், கரியமிலவாயுவே குறை என்று பெரும்பாலும் கருதலாம்.

உருளையிலிருந்து வாயுவைச் செலுத்துவோர் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரையில் நிறுத்துவது வழக்கம். அளவறிய நிறம் மாறும் திரவம் அடைத்த சிறு குமிழ்கள் விற்கப்படுகின்றன. அதில் நீலம் குறைவையும், பச்சை சரியான அளவையும், மஞ்சள் மிகுதியையும் காட்டும். மிகுந்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வாய்பிளந்து தவிக்கும். இரவில் செடிகளும் பிராணவாயுவையே செலவிடுவதால் விளக்கணையும்போது வாயுவையும் நிறுத்திவிட வேண்டும். செடி உற்பத்தி மட்டுமே நோக்கமாயுள்ளவர்களுக்கு இச்செலவு அவசியமில்லை. தொட்டியின் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, சேற்றில் வேரும் காற்றில் இலையுமாக வளர்த்தால், கரியமிலவாயுக் குறை தானே நீங்கிவிடும்.

முதிர்ந்த இலையா, குருத்தா?

மேற்கண்டவை இல்லையென்று உறுதியான பின்னரே சத்துக்களை ஆராய வேண்டும். அப்போது முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, இலையின் நிறம் யாது என்பதன்று. கெட்டிருப்பது முதிர்ந்த இலையா குருத்திலையா என்பதே. சில சத்துக்களைச் செடி பழைய இலையிலிருந்து பெயர்த்துக் குருத்துக்கு அனுப்ப வல்லது. அவை குறைந்தால் தாய் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுவதுபோல், பழைய இலை வாடிக் குருத்து பசுமையாயிருக்கும். வேறு சில சத்துக்கள் ஓரிலையில் சேர்ந்தபின் அங்கிருந்து பெயரா. அவை குறைந்தால் பழைய இலை நன்றாயிருக்கக் குருத்தே கெடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகிய நான்கும் முதல் வகை. இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச்சத்து, போரான் முதலியன இரண்டாவது வகை.

முதிர்ந்த இலையில் தோன்றுவன

தழைச்சத்துக் குறைவில் அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி, பின் கண்ணாடிபோல் மெலிந்து உதிரும். புதிய இலைகள் சிறுத்து வரும். நெற்பயிரின் அடித்தோகை வெளிறுவதும் இதுவும் ஒன்றே. மீன் குறைந்து செடி நிறைந்த தொட்டிகளில் இது மிகுதி.

மணிச்சத்துக் குறைவில் மஞ்சளைக் காட்டிலும் வளர்ச்சித் தடையே முதலில் தெரியும். இலை கறுத்த பச்சையாகவோ சில சமயம் ஊதா கலந்தோ காணும். கண்ணாடியிலும் முதிர்ந்த இலைகளிலும் சுரண்டினாலன்றிப் போகாத பச்சைப் பொட்டுக்கள் படிவது, நல்ல வெளிச்சமுள்ள தொட்டிகளில் மணிச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதை வளர்ப்போர் அனுபவத்தில் கண்டிருக்கின்றனர்.

சாம்பல்சத்துக் குறைவில் முதிர்ந்த இலையில் ஊசியாற் குத்தியது போன்ற புள்ளிகள் தோன்றி, மஞ்சள் விளிம்புடன் துவாரங்களாக விரியும், ஓரங்களும் கருகும். ஹைக்ரோஃபிலா இனச் செடிகள் இக்குறியை மற்றவற்றுக்கு முன்னே காட்டுவதால், அவற்றில் ஒன்றைத் தொட்டியில் வைத்திருப்பது சிலாக்கியம்.

மெக்னீசியக் குறைவில் முதிர்ந்த இலையின் நரம்புகள் பச்சையாயிருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் வெளிறும்.

குருத்தில் தோன்றுவன

இரும்புக் குறைவிலும் நரம்பு பச்சையாக, இடைப்பட்ட பாகம் வெளிறும். ஆனால் அது குருத்தில் தோன்றும். குறை முற்றினால் குருத்து முழுவதும் வெண்மையாகிவிடும். மெக்னீசியமா இரும்பா என்பதை இலையின் கோலத்தால் அன்றி, இலையின் இடத்தாலேயே தீர்மானிக்க வேண்டும். மாங்கனீசுக் குறைவும் இரும்புக் குறைவைப் போலவே காணும். இரண்டும் பெரும்பாலும் ஒரே நீரில் சேர்ந்து நேர்வதால், இரண்டையும் கொண்ட நுண்சத்துக் கலவையே போதுமானது.

சுண்ணாம்புச்சத்துக் குறைவில் குருத்து முறுக்கிச் சுருண்டு, கொக்கி போல் வளைந்து, நுனி கருகும். போரான் குறைவில் வளரும் முனையே மடிந்துவிடும். கிணற்று நீரில் சுண்ணாம்பு பெரும்பாலும் போதிய அளவு உள்ளது. மழைநீரையோ, சுத்திகரிப்பு இயந்திரத்தின் உப்பு நீக்கிய நீரையோ மட்டும் உபயோகிப்பவர்களிடமே இக்குறை காணப்படுகிறது. அந்நீரோடு கிணற்று நீரில் ஒரு பங்கைக் கலந்துவிட்டால் போதும்.

கடின நீரும் இரும்பும்

சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையின் குருத்து வெளிறுவது குடியானவர்கள் அறிந்ததே. அம்மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. காரத் தன்மையால் அது செடிக்கு எட்டாத உருவில் முடங்கிக் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரிலும் அவ்வாறே இரும்பு துருப்போல் திரிந்து அடியில் படிந்துவிடும். அன்னபேதியைக் கரைத்து ஊற்றினால் அது சிறிது நேரத்திலேயே பயனற்றதாகும். ஆகவே சீலேட் எனப்படும், காப்பிட்ட இரும்பையே உபயோகிக்க வேண்டும். இ.டி.டி.ஏ. என்னும் காப்பு, அமிலகார எண் 6.5 வரையிலும், டி.டி.பி.ஏ. என்பது ஏறத்தாழ 7.5 வரையிலும் நிலைக்கும். அதற்கு மேற்பட்ட காரநீருக்கு இ.டி.டி.எச்.ஏ. என்னும் வகையே தகுதி. அது நீரைச் சிறிது சிவப்பாக்கும், அதனால் தீங்கில்லை. இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே வேளையில் இட்டால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடக் கூடுமாதலால், ஒன்று விட்டு ஒரு நாள் மாற்றி இடுவது நலம்.

தொழிலைத் தொடங்குமுன் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அமிலகார எண்ணையும் உப்பின் அளவையும் கடினத்தையும் அறிந்துகொள்வது பிற்காலத்திய பல வீண் செலவுகளைத் தடுக்கும். நைட்ரேட்டு, பாஸ்பேட்டு அளவுகளை அவ்வப்போது அறியத் துளிச்சோதனைப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன.

பரிகாரமும் அளவும்

அளவு தவறாதிருக்க முதலில் தொட்டிநீரின் கொள்ளளவை அறிய வேண்டும். நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 36 ஆழமும் உள்ள நீர் 115 லிட்டர். மணலும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 100 லிட்டர் எனக் கொள்ளலாம். அடியிற் கண்ட அளவுகள் யாவும் 100 லிட்டருக்கு உரியவை.

சொட்டுநீர்ப் பாசனத்திற்கென விற்கப்படும், நீரில் முழுவதும் கரையும் எருக்களில் சில இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. 13-0-45 என்று குறியிட்ட பொட்டாசியம் நைட்ரேட்டில் 1 கிராம், லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் நைட்ரேட்டையும் 4 மில்லிகிராம் பொட்டாசியத்தையும் தரும். 0-52-34 என்னும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டில் 0.1 கிராம், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் பாஸ்பேட்டைத் தரும். 0-0-50 என்னும் பொட்டாசியம் சல்பேட்டில் 1 கிராம் 4 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட பொட்டாசியத்தைத் தரும். மெக்னீசியம் சல்பேட்டில் 1 கிராம் 1 மில்லிகிராம் மெக்னீசியத்தைத் தரும். நூற்றுக்கு 12 பங்கு இரும்புள்ள சீலேட்டில் 10 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்து அதில் 8 மில்லிலிட்டர் ஊற்றினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பு சேரும். நூற்றுக்கு 6 பங்கு இரும்புள்ள வகையானால் அதில் இரண்டு மடங்கு வேண்டும்.

செடிகள் நிறைந்து, நல்ல வெளிச்சமும் கரியமிலவாயுவும் உள்ள தொட்டியில் நைட்ரேட்டு 10 முதல் 20, பாஸ்பேட்டு 1 முதல் 2, பொட்டாசியம் 10 முதல் 20, இரும்பு 0.1 மில்லிகிராம் வீதம் லிட்டருக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்வது போதுமானது. வாயு செலுத்தாத, மங்கலான தொட்டிக்கு இடவேண்டிய எரு இதில் நாலிலொரு பங்கே. வார அளவை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து இட்டு, வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றிவிட வேண்டும். இவ்வாறு மாற்றுவதால் எந்த உப்பும் வரம்பின்றி ஏறுவதற்கு இடமிராது. ஊராட்சிக் குழாய் நீரை உபயோகிப்போர் அதிலுள்ள குளோரினை நீக்கிய பின்பே ஊற்ற வேண்டும்.

சிறு அளவுகளை நிறுப்பது கஷ்டமாதலால், 10 கிராம் உப்பை 500 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 5 மில்லிலிட்டரில் 0.1 கிராம் இருக்கும். பொட்டாசியம் நைட்ரேட்டு நெருப்பைத் தூண்டும் தன்மையுடையதாகையால், அதை அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

விலக்கத்தக்க எருக்கள்

மீனுள்ள தொட்டியில் யூரியா, அம்மோனியம் சல்பேட்டு, டி.ஏ.பி. ஆகியவற்றை ஒருபோதும் இடலாகாது. 19-19-19 என்னும் கலப்பெருவும் நீரில் கரையுமெனினும், அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமுமாக இருப்பதால் விலக்கத்தக்கதே. யூரியா நீரில் சிதைந்து அம்மோனியமாக மாறும். அதில் ஒரு பகுதி மீனுக்கு விஷமான அம்மோனியாவாக நிற்கும். அப்பகுதி நீரின் காரத்தைப் பொறுத்தது. 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், அமிலகார எண் 7 ஆனால் நூற்றுக்கு அரைப் பங்கும், 8 ஆனால் 5 பங்கும், 9 ஆனால் 36 பங்கும் விஷ உருவில் இருக்கும். கடினமான கிணற்று நீர் பெரும்பாலும் காரமுள்ளதாகையால், மென்னீரில் மீன்கள் தாங்கக்கூடிய அதே அளவு இங்கே அவற்றைக் கொன்றுவிடும்.

பயிருக்குத் தெளிக்கும் நுண்சத்துக் கலவைகளில் தாமிரம் இருப்பதுண்டு. அது சிறிது மிகுந்தாலும் தொட்டியின் இறால்களும் நத்தைகளும் மடியும். ஆகவே தொட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட கலவையையே, குறித்த அளவுக்கு மிகாமல் உபயோகிப்பது நலம்.

பாசியைப்பற்றி

பாசி படர்ந்தவுடன் எருவெல்லாவற்றையும் நிறுத்திவிடுவது மற்றொரு பொதுவான பிழை. செடி பட்டினியால் நலியும்போது அதன் இலையே பாசிக்கு நிலமாகிறது. எருவை நிறுத்தினால் செடி மேலும் நலியும். பாசி பெரும்பாலும் வெளிச்ச மிகுதியையும், நீரில் அம்மோனியா சேர்ந்ததையும், கரியமிலவாயு நாளுக்கு நாள் மாறுபடுவதையும் குறிக்கும். விளக்கின் நேரத்தைக் குறைத்தல், அழுகிய இலைகளையும் மிச்சத் தீனியையும் அகற்றுதல், பாதி நீரை மாற்றுதல், கெட்ட இலைகளைக் கத்தரித்தல் ஆகிய நான்கும் செய்த பின்னரே மருந்தைப்பற்றி யோசிக்க வேண்டும். களை மிகுந்த வயலில் பயிரை வலுப்படுத்துவதும் களையெடுப்பதுமே முறையன்றி, பயிரைப் பட்டினியிடுவது முறையன்று.

தொட்டிக்கு ஓர் அடங்கல்

1966-ஆம் வருஷத்தில் டாக்டர் ஒய். எல். நெனே என்பவர் பந்த்நகரில், நெற்பயிரைத் தாக்கிய கைரா என்னும் நோய் துத்தநாகக் குறைவினால் வருவதென்று கண்டறிந்தார். நோயின் காரணம் தெரிந்த பின்பு துத்தநாக சல்பேட்டே அதற்கு எளிய மருந்தாயிற்று. காரணம் தெரியாதவரை எந்த மருந்தும் ஊகமே. தொட்டியிலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைப் பார்த்து எழுதி வைப்பதே காரணத்தை அறியும் வழியாகும். கிராமக் கணக்கில் அடங்கல் எழுதுவதுபோல், தேதி, விளக்கெரிந்த நேரம், மாற்றிய நீர், இட்ட உப்பு, முதிர்ந்த இலையின் நிலை, குருத்தின் நிலை என ஆறு கலங்கள் போதும்.

உதாரணமாக, 100 லிட்டர் தொட்டியொன்றில் விளக்கு 10 மணி நேரம் எரிகிறதென்றும், ஹைக்ரோஃபிலாவின் அடியிலைகளில் மஞ்சள் விளிம்புள்ள துவாரங்கள் காண்கின்றனவென்றும், பாசியும் படர்ந்துள்ளதென்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் விளக்கை 7 மணிக்குக் குறைத்து, கெட்ட இலைகளை நீக்கி, பாதி நீரை மாற்ற வேண்டும். குருத்து நன்றாயிருப்பதால் இரும்பைத் தேட வேண்டியதில்லை. இலை முழுவதும் மஞ்சளாகாமல் துவாரமாவதால், தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்தையே சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது வாரம் முதல் பொட்டாசியம் சல்பேட்டு 1 கிராம் வீதம் வாரம் இருமுறை இட்டு, வேறொன்றையும் மாற்றாமல், வாராந்தர நீர்மாற்றத்தை மட்டும் தொடர்ந்து காத்திருக்க வேண்டும். துவாரம் விழுந்த இலை ஒருபோதும் மூடாது. அதைப் பார்த்துக்கொண்டு மருந்து பலிக்கவில்லையென்று முடிவு செய்யலாகாது. மருந்திட்ட பின் விரிந்த இலைகள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் முதிரும்போது துவாரமின்றி நின்றால் காரணம் சரியென்று அறியலாம். நில்லாவிட்டால் அடங்கலைப் பார்த்து அடுத்த சந்தேகத்துக்குப் போக வேண்டும்.

கத்தரித்த செடிகள்

செழித்த தொட்டியிலிருந்து வாரந்தோறும் கத்தரித்த செடிகள் மிகுதியாக வெளிவரும். அவற்றை வாய்க்காலிலோ ஏரியிலோ எறியாதபடி பார்த்துக்கொள்வது வளர்ப்போருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இந்நாட்டு நீர்நிலைகளை அடைத்து விளைவித்த கஷ்டம் யாவரும் அறிந்ததே. தொட்டியில் அருமையாய்ப் பேணவேண்டிய செடி, ஏரியில் தடுக்கவொண்ணாத களையாகலாம். ஆதலால் அவற்றை வெயிலில் நன்றாக உலர்த்தி எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும். மாற்றிய தொட்டிநீரையும் வீணாக்காமல் காய்கறிப் பாத்திகளுக்குப் பாய்ச்சலாம். அதிலுள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே பயன்படும்.

சுருங்கச் சொல்லின், வெளிச்சத்தை முதலிலும், கரியமிலவாயுவை அடுத்தும், எருவைக் கடைசியிலும் ஆராய வேண்டும். எருவை ஆராயும்போது முதிர்ந்த இலையா குருத்தா என்று பார்த்து, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, புதிதாய் விரியும் இலையின் சாட்சியத்தையே ஏற்க வேண்டும். இம்முறையைக் கைக்கொள்வோருக்கு எருச்செலவு குறைவதோடு, தொட்டியிலுள்ள மீன்களும் பிழைத்திருக்கும்.